பாதி வீடு வாங்கும் முன் காமன் சுவரை அளந்து பாருங்கள் (வேலூர், காட்பாடி பக்கம்)

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் ‘ட்வின் ஹவுஸ்’ விற்பனை இப்படித்தான் போகிறது. 40க்கு 60 மனையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, இருபதடி அகலத்தில் இரண்டு வீடு. நடுச்சுவர் இருவருக்கும் பொது என்பதால் விலை கொஞ்சம் குறைவு. ஒரு பாதி விற்றதும் அதை மட்டும் கட்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். “பக்கத்துப் பாதி ஆறு மாசத்துல ஏறிடும் சார்” என்கிறார் பில்டர். அது ஏறுவதில்லை. சீமைக்கருவேலம்தான் ஏறுகிறது. வராத பக்கத்து வீட்டை நம்பிச் செய்த வேலை எல்லாம் வாங்கியவர் தலையில் விழுகிறது.

முதல் திருட்டு சுவரில். எஸ்டிமேட்டில் ‘காமன் சுவர் 9 இன்ச்’ என்று இருக்கும். கட்டியிருப்பது நாலரை. கேட்டால், “அவங்க பக்கம் ஒரு நாலரை வரும், ரெண்டும் சேர்ந்தா ஒன்பது” என்று கணக்குச் சொல்வார்கள். அவங்க வரும்வரை அந்த நாலரை இன்ச் சுவர்தான் வெளிச்சுவர். அதற்கு வெளிப்பூச்சும் கிடையாது, எப்படியும் மறையப்போகிற சுவர்தானே என்பது வாதம். வேலூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்கால மழை, பிறகு வடகிழக்குப் பருவமழை. சாரல் கல் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, படுக்கையறைச் சுவரின் பட்டியை (பெயின்டுக்கு அடியில் பூசும் மாவை) பொரிய வைக்கும். உள்ளே ‘டேம்ப் ப்ரூஃப்’ பெயின்ட் அடிக்கச் சொல்வார்கள். ஈரம் வெளியிலிருந்து வருவதால் அந்தப் பெயின்டும் உரிந்து வரும்.

கண்டுபிடிப்பது சுலபம். பூசாத சுவரைப் பக்கத்து மனையில் நின்று பாருங்கள். எல்லா வரிசையிலும் செங்கல்லின் நீள முகம் மட்டுமே தெரிந்தால் நாலரை. ஒரு வரிசையில் நீள முகமும் அடுத்ததில் குட்டை முகமும் மாறி மாறி வந்தால் ஒன்பது. சாலிட் பிளாக் சுவரானால் ஒரு துளை போட்டு அளப்பதைத் தவிர வழியில்லை.

அந்தச் சுவருக்கு வெளியே இரண்டு அடுக்காக 20 மி.மீ. பூச்சு வேண்டும். முதலில் 12 மி.மீ., சிமென்ட் ஒன்றுக்கு மணல் நான்கு என்ற கலவையில் வாட்டர்ப்ரூஃப் காம்பவுண்ட் சேர்த்து. அது இறுகியபின் மேல்கோட்டு 8. ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். இதை பில்டர் கையில் இரண்டு மனையும் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அந்தப் பாதி கைமாறிய பிறகு அங்கே சாரம் கட்டப் புது மனைக்காரரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

சுவரைவிடப் பெரிய வம்பு மண்ணுக்குள் இருக்கிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் காலத்துக்கு (காங்கிரீட் தூணுக்கு) அடியில் நாலடிக்கு நாலடி ஃபுட்டிங் (காங்கிரீட் பாதம்) போட்டால் பாதி பக்கத்து மனைக்குள் போய்விடும். நாளை அதை வாங்குபவர், “என் இடத்தில் உங்கள் காங்கிரீட் எதற்கு?” என்று கேட்டால் பதில் இருக்காது. ஃபுட்டிங்கை உங்கள் பக்கமே ஒதுக்கினால் காலம் அதன் ஓரத்தில் வந்து உட்காரும். பாரம் ஒருபக்கமாக விழுந்து ஃபுட்டிங் சாயப் பார்க்கும். அதைப் பிடிக்க உள்பக்கக் காலத்தின் ஃபுட்டிங்கோடு ஸ்ட்ராப் பீம் போட்டுக் கட்ட வேண்டும். அந்த பீம் டிராயிங்கில் இருக்கிறதா, கடகாலில் கம்பி கட்டியிருக்கிறதா என்று காங்கிரீட் போடும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் பக்கத்தில் தோண்டும்போது அந்த எண்தான் காப்பாற்றும். உங்கள் ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே அவர்கள் போனால் உங்கள் அடிமண் சரியும், அதிலும் பாலாற்றை ஒட்டிய மணல் மண் நிற்கவே நிற்காது. முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறக்காமல் நாலைந்து அடித் துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டிக் காங்கிரீட் போட்டு வரச் சொல்லுங்கள். மழை நாளில் வேண்டாம்.

தளத்திலும் பீமிலும் ‘அடுத்த வீட்டுக்கு இணைக்க’ என்று கம்பியை நீட்டி விடுவது இன்னொரு வழக்கம். வெளியே நிற்கும் கம்பி மழையில் துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். அதனால் இரண்டு மூன்று மழைக்குள் தளத்தின் ஓரம் வெடித்துச் சில்லுச் சில்லாக விழத் தொடங்கும். அந்தக் கம்பியே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. முதல் வீடு அமுங்க வேண்டியது பெரும்பாலும் அமுங்கி முடிந்திருக்கும், புதிது அப்போதுதான் அமுங்கத் தொடங்கும். இரண்டையும் இணைத்தால் கோட்டோடு விரிசல் நிச்சயம். இரண்டு இன்ச் இடைவெளி விட்டு அவரவர் சுவர், அவரவர் காலம். இடைவெளியில் தெர்மாகோல், மேலே மழை இறங்காமல் தகடு. போதும்.

செப்டிக் டேங்க், போர், சம்ப் மூன்றும் உங்கள் பட்டா எல்லைக்குள் இருக்கின்றனவா என்று டேப் பிடித்துப் பாருங்கள். மலிவுக்காக ஒரே டேங்க் கட்டி, அதைக் காலிப் பாதியில் வைத்துவிடுவதும் உண்டு.

சுவர் பொதுவாகத்தான் இருக்கும் என்றால், பத்திரத்தில் ‘காமன் சுவர்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் இருந்தால் பிரயோசனமில்லை. சுவரின் நடுக்கோடு எங்கே, பக்கத்துக்காரர் அதில் பீம் ஏற்றலாமா, மேல்மாடிக்கு உயர்த்த யாருக்கு உரிமை, பழுதுச் செலவு யார் பங்கு, பூச்சுக்குச் சாரம் கட்ட அனுமதி உண்டா என்பதெல்லாம் எழுதி, பின்னால் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் வாசகத்தோடு பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் இரண்டு பாதியின் வில்லங்கத்திலும் தெரியும். இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-இன்படி, பக்கத்து நிலத்தின் தாங்குதலை ஒரு கட்டடம் அனுபவத்தால் உரிமையாகப் பெற 20 ஆண்டு ஆக வேண்டும். புது வீட்டுக்கு எழுத்துதான் துணை.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. 2,400 சதுர அடி என்பது சுமார் 223 சதுர மீட்டர்தான். போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் அங்கேயே எடுத்துக்கொள்வார்கள். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எஸ்டிமேட், டிராயிங், கடகால் போட்டோ, சுவரை டேப்போடு எடுத்த படம், பணம் கட்டிய பேங்க் விவரம் எல்லாம் மனுவோடு போகட்டும். “ஆறு மாசத்துல” என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் இருந்தால் அதையும் அழிக்காமல் வையுங்கள்.