பிரபலத்தின் பெயரும் முகமும்: கலிஃபோர்னியா அளவுகோலா, மிசௌரி அளவுகோலா?

அமெரிக்காவில் ஒரு பிரபலத்தைக் கேட்காமலே படைப்பில் கொண்டுவந்தால் அது கருத்துச் சுதந்திரமா, உரிமை மீறலா? மாநிலத்துக்கு மாநிலம் பதில் வேறு.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2001-இல் கேட்டது: கலைஞர் சொந்தமாக என்ன சேர்த்தார்? த்ரீ ஸ்டூஜஸ் நகைச்சுவை மூவரை அச்சு அசலாகக் கரியால் வரைந்து டீ-ஷர்ட்டில் விற்றவர் தோற்றார். 2003-இல் அதே அளவுகோலில் டிசி காமிக்ஸ் தப்பியது. இசைக்கலைஞர்களான வின்டர் சகோதரர்களை அது பாதி மனிதர், பாதி புழுவாக்கியிருந்தது. அந்தப் புழுப் படத்தை எந்த ரசிகர் சுவரில் மாட்டப் போகிறார்!

மிசௌரி உச்ச நீதிமன்றமோ, அதே 2003-இல், முதன்மை நோக்கம் விற்பனையா, கருத்தா என்று பார்த்தது. ஐஸ் ஹாக்கி வீரர் டோனி ட்விஸ்டின் பெயரை 'ஸ்பான்' காமிக்ஸில் மாஃபியா தலைவனுக்கு வைத்திருந்தார்கள். முகமும் வேறு, கதையும் வேறு. ஆனாலும் விற்பனைதான் முதன்மை நோக்கம் என்றது நீதிமன்றம்.

எனக்குக் கலிஃபோர்னியா முறையே தேவலாம். காமிக்ஸ், சினிமா எல்லாமே விற்கத்தானே எடுக்கிறார்கள்? ஆனால் கலிஃபோர்னியா முறையிலும் ஓட்டை உண்டு: தத்ரூபமாக வரைபவர் மாட்டிக்கொள்கிறார், கோணல்மாணலாக வரைபவர் தப்பிக்கிறார்.