புருவ முடியைப் பிடுங்கும் பழக்கம் உள்ளவர்கள் மைக்ரோபிளேடிங் போகும் முன் இதைப் படியுங்கள்

பதினோரு வயதிலிருந்து எனக்குப் புருவ முடியைப் பிடுங்கும் பழக்கம் உண்டு. பழக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். டாக்டர் சொன்ன பெயர் ட்ரைக்கோட்டிலோமேனியா. 1889-லேயே ஹாலப்போ என்ற பிரெஞ்சு தோல் மருத்துவர் பெயர் வைத்துவிட்ட நோய் இது. இப்போது ஓசிடியோடு, அதாவது ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநலப் பிரச்சினையோடு, சேர்ந்த வகையில் வைக்கிறார்கள். படிக்கும்போதும் போன் பேசும்போதும் விரல் தானாக அங்கே போய்விடும். கையில் முடி வந்த பிறகுதான் தெரியும். இத்தனை வருடமாகப் பென்சிலால் வரைந்ததுதான் என் புருவம். வெயில் காலத்தில் பஸ்ஸில் நெற்றியைத் துடைக்கக்கூட முடியாது, கைக்குட்டையால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

தங்கை கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, கோவையில் ஓர் அழகு நிலையத்தில் மைக்ரோபிளேடிங்குக்கு 14,000 ரூபாய் கட்டினேன். நுண்ணிய ஊசிகள் சேர்ந்த பிளேடால் தோலைக் கீறி, மை ஏற்றிப் புருவம் வரைவதுதான் அது. புகார் கொடுக்கப் போவதால் பெயரை இங்கே எழுதவில்லை.

பணம் கட்டும் முன்பே எனக்கு இப்படி ஒரு பிரச்சினை இருக்கிறது, செய்யலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். அதை எழுதி அனுப்ப எவ்வளவு நேரம் தயங்கினேன் என்பது இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்குப் புரியும். "அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, வரைஞ்சு விட்டா அப்புறம் பிடுங்கவே தோணாது" என்று பதில் வந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

போன அன்று, கடைசியாக எப்போது பிடுங்கினீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. இடது புருவத்தின் வால் பக்கம், இரண்டு நாளுக்கு முன் பிடுங்கிய இடம் இன்னும் சிவந்திருந்தது. அதன் மேலேயே மரத்துப்போகும் கிரீமைத் தடவினார்கள். பிளேடு தோலைக் கீறும் சத்தம் சரக் சரக்கென்று காதில் விழுந்தது. வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. இடது பக்கம் ரத்தம் நிற்காமல் பஞ்சை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

மை மேல்தோலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அதற்கும் கீழே போனால் பரவி, நீலச் சாம்பலாகத் தெரியும். வருடக்கணக்காகப் பிடுங்கிய தோலில் ஓர் இடம் தழும்பாகவும் ஓர் இடம் மெலிந்தும் இருக்கும், மை ஒரே சீராகப் பிடிக்காது. இதையெல்லாம் பிறகு தோல் டாக்டரிடம் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

நாலாம் நாள் பொருக்குத் தட்டியது. நம்மைப் போன்றவர்களுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். விரல் நுனியில் சொரசொரவென்று ஓர் ஓரம் தட்டுப்பட்டால் கை சும்மா இருக்குமா? அவர்கள் கொடுத்த தாளில் 'பொருக்கை உரிக்கக் கூடாது' என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான். ஆறாம் நாள் காலையில் தலையணை உறையில் பழுப்புத் துணுக்குகள் கிடந்தன. தூக்கத்திலேயே உரித்திருக்கிறேன்.

இடது புருவம் பாதி வெளுத்து, பாதி நீலமாகத் திட்டுத்திட்டாக நின்றது. போய்க் கேட்டதற்கு, வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போதே, "நீங்க உரிச்சதுக்கு நாங்க என்னக்கா பண்றது? உங்களுக்குத்தான் அந்த வியாதி இருக்கே" என்றார்கள். டச்-அப்புக்கு இன்னும் 4,000 கேட்டார்கள். பணம் வாங்கும்போது ஒன்றுமே இல்லாதது, புகார் சொன்னதும் வியாதியாகிவிட்டது. புருவம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

லேசரிலும் உடனே அழிக்க முடியாதாம். அயர்ன் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த மை என்றால் லேசர் பட்டதும் இன்னும் கறுத்துப்போகலாம். என்ன மை என்று கேட்டால் "இம்போர்ட்டட்" என்கிறார்கள், பாட்டிலைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள். சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

யாரும் செய்துகொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி பார்க்க அது தைரியம் கொடுக்கும் என்றால் செய்யுங்கள். ஆனால் பிடுங்கிய புண் முழுதாக ஆறும்வரை காத்திருங்கள். 'பிரச்சினை இல்லை' என்று உடனே சொல்பவரிடம் போகாதீர்கள். எப்போது பிடுங்கினீர்கள், தழும்பு தடித்து வளருமா, பொருக்கு வரும் நாட்களில் கையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்பவரிடம் போங்கள். மை பாட்டிலையும் புது ஊசி உறையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வருடத்தில் மங்கிவிடும் என்பதால் இது ஒரு தடவைச் செலவும் இல்லை.

இப்போது ஓர் உளவியல் ஆலோசகரிடம் போகிறேன். விரல் புருவத்துக்குப் போகும்போது முஷ்டியை ஒரு நிமிடம் இறுக்கி வைக்கச் சொல்கிறார். விரல் நுனியில் பிளாஸ்திரி, ராத்திரி பருத்திக் கையுறை. குத்துவதற்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்த ஆறாம் நாளைத் தாண்டியிருப்பேன்.

இப்படி ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். நாம் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. எனக்கு பில் தரவில்லை. ஜிபே ரசீதும், "ஒண்ணும் இல்லக்கா" என்ற அந்த மெசேஜும் இருக்கின்றன. இரண்டையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.