கம்பத்துப் பந்தா, பெரியவர் வீசும் பந்தா, பிள்ளையே வீசும் பந்தா?

எட்டு வயதுப் பிள்ளையின் கையில் பேஸ்பால் மட்டையைக் கொடுத்துவிட்டால், அவன் அடிக்கவேண்டிய பந்து எங்கிருந்து வரவேண்டும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்யவேண்டும். கோத்தகிரியில் என் மகனையும் சேர்த்து, ஏழு முதல் ஒன்பது வயது வரை உள்ள பன்னிரண்டு பிள்ளைகளைச் சனிக்கிழமை மாலைகளில் இரண்டு ஆண்டுகளாகப் பழக்கி வருகிறேன். நான் தேர்ந்த பயிற்சியாளர் அல்ல. கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவள் என்ற ஒரே காரணத்துக்காக, மற்றப் பெற்றோர் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வழிகள் மூன்று. இடுப்பு உயரக் கம்பத்தின் உச்சியில் பந்தை நிறுத்தி அடிக்க விடுவது முதலாவது. இந்தக் கம்பத்தை டீ என்பார்கள். பெரியவர் ஒருவர் எளிதாக வீசித் தருவது இரண்டாவது. பிள்ளைகளுள் ஒருவரே பிட்சராக நின்று எதிரணிக்கு வீசுவது மூன்றாவது. யூடியூபில் பார்க்கும் ஆட்டம் அதுதான் என்பதால் பிள்ளைகள் அடம்பிடிப்பதும் அதற்கே. பந்து வீசும் எந்திரம் என்று ஒன்று உண்டு. மின் இணைப்பே இல்லாத எங்கள் மைதானத்தில், அதன் விலையையும் நினைத்துப் பார்த்தால், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

டீயை நாங்களே செய்துகொண்டோம். காலி பெயின்ட் வாளியில் கான்கிரீட் நிரப்பி, நடுவில் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை நிறுத்தி, அதன் வாயில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினோம். பந்து அதில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். இதன் பெரிய பயன், கிரிக்கெட் பழக்கங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. எங்கள் பிள்ளைகள் அனைவரும் கிரிக்கெட்டிலிருந்து வந்தவர்கள். மட்டையைத் தரையில் ஊன்றி நிற்பார்கள்; பந்தை லேசாகத் தட்டிப் பின்பக்கம் அனுப்பிவிட்டு ஓட்டம் எடுக்கப் பார்ப்பார்கள்; பேஸ்பாலில் அது ஃபவுல், அதில் ஓட்டம் எடுக்க முடியாது. முதல் மாதம் முழுவதும் ஒவ்வொருவனும் அடித்த மட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடி, ஓடித் தொடவேண்டிய முதல் இடமான முதல் பேஸை அடைந்ததும் கிரீஸைத் தொடுவதுபோல அதன் நுனியை அங்கே ஊன்றினான். பந்து அசையாமல் நிற்கும்போதுதான் கால் எங்கே, இடுப்பு எப்போது திரும்புகிறது, மட்டை ஏன் மேலிருந்து கீழே வெட்டுகிறது என்பதையெல்லாம் நிதானமாகப் பார்த்துத் திருத்த முடியும். கம்பத்தை ஹோம் பிளேட்டின் (அடிப்பவன் பக்கத்தில் நின்று ஆடும் தரைத் தட்டின்) நடுவில் வைக்காமல் முன்னங்காலுக்குச் சற்று முன்னால் வைத்தால், பாதித் திருத்தம் தானாகவே நடந்துவிடும். ஆனால் நிற்கும் பந்து, வரும் பந்தைக் கணிக்கும் கண்ணைத் தராது. மூன்றாவது வாரத்தில் பிள்ளைகளுக்கு அது சலித்துவிடுகிறது. சலித்தவன் பந்தை விட்டுவிட்டுக் கம்பத்தை அடிக்கிறான்.

பிள்ளையே வீசும் வழியை ஒரு சனிக்கிழமை முழு மனத்தோடு முயன்று பார்த்தேன். அமெரிக்காவில் 1939-இல் தொடங்கிய லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு, பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையிலான தூரத்தைச் சிறுவர்களுக்கு 46 அடியாக, அதாவது ஏறக்குறைய 14 மீட்டராக வைத்திருக்கிறது. நான் அதைப் பத்து மீட்டராகக் குறைத்தேன். அப்படியும் முதல் முப்பது பந்துகளில் ஹோம் பிளேட்டுக்கு மேல் வந்தவை நான்கே. அடிக்கும் எல்லைக்கு வெளியே போய், அடிப்பவன் மட்டை வீசாமல் விட்ட பந்துக்கு ‘பால்’ (ball) என்று பெயர்; அப்படி நான்கு ஆனதும் அவன் முதல் பேஸுக்கு நடந்து போகலாம் என்பது விதி; ஆகவே அன்று எல்லோரும் நடந்தார்கள், யாரும் ஓடவில்லை. மூன்றாவது பேஸில் நின்றவன் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வலப்பக்க எல்லையில் நின்றவனுக்கு அன்று மாலை ஒரு பந்துகூடப் போகவில்லை. அவன் கணுக்காலில் ஏறிய அட்டைக்குக் கிடைத்த கவனம்கூட ஆட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

நேரம் வீணாவதைவிடக் கையைப் பற்றிய கவலையே எனக்குப் பெரிது. வளரும் பிள்ளைகளின் முழங்கையில் எலும்பு இன்னும் முழுதாகக் கூடாத வளர்ச்சிப் பகுதி இருக்கிறது; முழு வேகத்தில் திரும்பத் திரும்ப வீசும்போது உள்பக்கத்தில் இழுபட்டு வலி காண்பது அந்த இடத்தில்தான். இதனால்தான் லிட்டில் லீக் எட்டு வயது வரை ஒரு நாளைக்கு 50 பந்துகள், ஒன்பது, பத்து வயதுக்கு 75 பந்துகள் என்று வரம்பு வைத்து, ஒரே நாளில் 21 பந்துகளை எட்டியவனுக்கு மறுநாள் ஓய்வு தரவேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. நன்றாக வீசும் பிள்ளை அணிக்கு ஒருவன்தான் இருப்பான். வெற்றி வேண்டுமென்றால் அவனையே வீச வைப்போம். போதாக்குறைக்கு அவன் ஞாயிறன்று தெருவில் கிரிக்கெட் பந்தும் வீசுவான். அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

இங்கே எங்கள் தரையையும் காற்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மலையைச் சீவி எடுத்த மைதானம் என்பதால் மூன்றாவது பேஸ் பக்கம் மண்மேடு, முதல் பேஸ் பக்கம் தேயிலைச் சரிவு. தவறி வீசிய பந்து மேட்டில் பட்டால் திரும்பி வரும். சரிவில் இறங்கினால் செடிகளுக்கு நடுவே தேடவேண்டும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பந்து காற்றில் கூடுதல் தூரம் பறப்பதற்குப் பெயர்பெற்ற டென்வர் நகரத்தைவிட இது உயரம். எட்டு வயதுப் பிள்ளை அடிக்கும் பந்துக்கு அந்தத் தூரம் பெரிய வித்தியாசம் அல்ல. நாங்கள் பயன்படுத்தும் டென்னிஸ் பந்துதான் படுத்துகிறது: வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளே காற்று அடைத்த பந்து சமவெளியைவிட இங்கே அதிகமாகத் துள்ளும். டென்னிஸ் ஆட்டத்தில் 1,219 மீட்டருக்கு மேலான ஊர்களுக்கென்றே தனிப் பந்து வகை உண்டு. ஆயினும் நாலரை மணிக்கு மூடுபனி இறங்கிய பிறகு வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாது, மஞ்சள் பந்து தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகத் துள்ளலைப் பொறுத்துக்கொள்கிறோம். பிட்சராக நிற்கும் பிள்ளை சரிவை நோக்கி ஐந்து பந்துகளை விட்டால் அன்றைய ஆட்டமே போய்விடும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு அந்த ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது. (எல்லைக்கோட்டருகே காட்டெருமை வந்து நின்றால் எந்த வழியிலும் ஆட்டம் கிடையாது, எல்லோரும் வேனுக்குள் ஏறிவிடவேண்டும்.)

ஆகவே என் தேர்வு பெரியவர் வீசுவது. அதிலும் செய்முறை முக்கியம். நின்றபடி மேலே தூக்கிப் போட்டால் பந்து வானத்திலிருந்து விழுவதுபோல வரும். பிள்ளை அண்ணாந்து பார்ப்பான், மட்டை காற்றை வெட்டும். ஏழு மீட்டர் தூரத்தில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, கையைத் தோளுக்கு மேல் கொண்டுவந்து, மிதமான வேகத்தில் நேராக விடவேண்டும். பந்து பிள்ளையின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடையே கிடையாக வரும். ஒருவருக்கு ஐந்து பந்துகள், நடை கிடையாது, ஐந்திலும் அடிக்காவிட்டால் அவுட் என்பது எங்கள் உள்ளூர் விதி. இப்படி ஆடும்போது பந்து களத்துக்குள் அடிக்கடி வருகிறது. புல் பிடுங்கிய அதே பிள்ளை இப்போது முழங்காலை மடக்கிக் காத்திருக்கிறான். முப்பத்தெட்டு வயதில் அறுபது பந்துகள் வீசினால் என் தோள் ஞாயிற்றுக்கிழமை பூராவும் வலிக்கிறது என்பது உண்மைதான். என் முழங்கை முற்றியது, பரவாயில்லை.

இந்த வழியின் உண்மையான குறை வேறு: வீசுகிறவள் ஒருவனுக்கு அம்மா. மைதானத்தில் மற்றவர்களைப் போலவே என்னை “மிஸ்” என்று கூப்பிடவேண்டும் என்று மகனுக்கும் எனக்கும் ஒப்பந்தம். அவன் அதைக் காப்பாற்றினான்; நான்தான் காப்பாற்றவில்லை. சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், அவனுக்கு மட்டும் பந்தைக் கொஞ்சம் வேகமாக விட்டுக்கொண்டிருந்தேன் என்பதை நான் உணரவே இல்லை. இன்னொரு பிள்ளையின் அப்பா, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், பக்கத்தில் வந்து, “ஏங்க, உங்க பையனுக்கு மட்டும் ஏன் இந்த வேகத்துல போடறீங்க?” என்று கேட்ட பிறகுதான் என் கை எனக்குத் தெரிந்தது. வண்டியில் வீடு திரும்பும்போதும் அவனுடைய ஐந்து பந்துகளைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன். மற்றப் பதினொரு பிள்ளைகளும் அந்த நேரத்தில் வறுத்த கடலை தின்றுகொண்டு போயிருப்பார்கள். டீயில் இந்தச் சிக்கல் இல்லை, கம்பத்துக்கு யார் மகன் என்று தெரியாது. பிள்ளைகளே வீசும் ஆட்டத்திலோ இது வேறு உருவம் எடுக்கும்: பிட்சர் இடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியில் பெற்றோரின் நியாயம் வாராவாரம் சோதிக்கப்படும்.

இப்போதைய ஏற்பாடு கலவைதான். முதல் பதினைந்து நிமிடம் இரண்டு கம்பங்களில் அடித்துப் பழகுகிறார்கள். அடுத்த நாற்பது நிமிடம் பெரியவர் வீசும் ஆட்டம். ஒன்பது வயதை முடித்தவர்கள் மட்டும் கடைசியில் ஆளுக்குப் பதினைந்து பந்துகள் தங்களுக்குள் வீசிப் பார்க்கலாம். மழைக்காலத்தில் மட்டையையே எடுப்பதில்லை. மேற்கூரை உள்ள சிமென்ட் தரையில் பேஸ்பால்5 ஆடுகிறோம்: அணிக்கு ஐந்து பேர், உள்ளங்கையால் அடிக்கும் ரப்பர் பந்து, 13 மீட்டர் இடைவெளியில் பேஸ்கள், கிளவுஸ் வேண்டாம். பேஸ் ஓட்டத்துக்கு அதைப்போன்ற பயிற்சி வேறில்லை.

என் மகனுக்கு இப்போது அந்தத் தொழிற்சாலை அப்பாதான் வீசுகிறார்; அவருடைய பெண்ணுக்கு நான் வீசுகிறேன். முதல் மாலையிலேயே மூன்று பந்துகளை மண்மேட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தவன், தண்ணீர் குடித்துக்கொண்டே, “மிஸ், அந்த அங்கிள் போடற பந்து கண்ணுக்குத் தெரியுது” என்றான்.