மின்வெட்டில் வாய்த்த கலையகம்: யாழ்ப்பாணத்து ஓட்டுவீட்டில் ஸ்கார்லெட் 2ஐ2, இரண்டு ஒலிவாங்கிகள், ரீப்பர்

நான் மிருதங்கம் கற்பிப்பவன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து பயிலும் பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பதிவுசெய்து அனுப்புவதற்காகவும், எண்பது வயதைத் தாண்டிய எனது பெரியம்மா பாடும் பண்ணிசையைச் சேமித்து வைப்பதற்காகவும், 2021ஆம் ஆண்டின் கடைசியில் வீட்டு அறையொன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றினேன். வாங்கியவை போகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 (2i2) என்ற ஓடியோ இன்டர்பேஸின், அதாவது ஒலிவாங்கியைக் கணினியுடன் இணைக்கும் பெட்டியின், மூன்றாம் தலைமுறை, வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்து இயக்கும் கண்டென்சர் வகையான ஓடியோ டெக்னிகா ஏ.டி.2020 ஒலிவாங்கி, அது தேவைப்படாத டைனமிக் வகையான ஷுவர் எஸ்.எம்.57 ஒலிவாங்கி, ஒரு ஹெட்போன், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஆகியவை. இவற்றுள் இன்டர்பேஸைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியும் எனக்குக் குறை இல்லை. ஒலிவாங்கிகளை எந்த ஒழுங்கில் வாங்குவது என்பதில்தான் நான் பிழைவிட்டேன். இரண்டாவதாக வாங்கிய எஸ்.எம்.57ஐ முதலில் வாங்கியிருக்க வேண்டும்.

விலைகளை இங்கே எழுதவில்லை. 2022இல் டொலரின் பெறுமதி இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதைத் தாண்டிப் போனது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது. எனவே நான் கொடுத்த தொகை இன்று வாங்குபவருக்கு எதையும் உணர்த்தாது. பொருட்கள் கொழும்பிலுள்ள ஒரு கடையிலிருந்து இரவுப் பேருந்தில் பொதியாக வந்து சேர்ந்தன. பெட்டிக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தன; அவர்கள் இலவசமாகச் சேர்த்திருந்த, ஒலிவாங்கியை இணைக்கும் எக்ஸ்.எல்.ஆர். வயர் மட்டும் இரண்டாம் கிழமையிலேயே கரகரக்கத் தொடங்கியது. பற்றுவைக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து முனையைத் திருத்தினேன், அது இன்றுவரை உழைக்கிறது.

ஸ்கார்லெட் 2ஐ2 கைக்கடக்கமான சிவப்பு உலோகப் பெட்டி. இரண்டு உள்ளீடுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒலிவாங்கியையோ இசைக்கருவியின் வயரையோ செருகலாம். கண்டென்சருக்குத் தேவையான 48 வோல்ட்டை ஒரு பொத்தானை அழுத்திக் கொடுக்கலாம். ஒலிமட்டத்தைக் கூட்டும் குமிழைச் சுற்றி ஓர் ஒளிவளையம் இருக்கிறது. அது பச்சையாக இருந்தால் பயமில்லை, சிவந்தால் ஒலி வெட்டுப்படுகிறது என்று பொருள். இரு கைகளும் மிருதங்கத்தில் இருக்கும்போது திரையிலுள்ள சிறிய அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அறையின் மறுமூலையிலிருந்தும் தெரியும் இந்த வளையம் எனக்குப் பேருதவியாக இருக்கிறது.

ஆனால் யாழ்ப்பாணத்தவருக்கு இக்கருவியின் முதன்மையான சிறப்பு, அது தனக்கென மின்செருகி எதையும் கேட்காமல், மடிக்கணினியின் யூ.எஸ்.பி. வழியாகவே மின்சாரத்தைப் பெற்றுக்கொள்வதுதான் என்பேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில்தான் இதன் அருமை எனக்கு விளங்கியது. மின்சாரம் போனதும் குளிரூட்டியின் இரைச்சல், அயல்வீட்டுத் தண்ணீர் மோட்டர், மின்விசிறி ஆகிய மூன்றும் ஒன்றாக அடங்கிவிடும். மடிக்கணினியின் பற்றரி ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். வியர்வை வழிய வழிய அந்த இடைவெளிகளில் எடுத்த பதிவுகளைப் போன்ற சுத்தமான பதிவுகள் அதற்குப் பின்னர் எனக்கு வாய்க்கவில்லை.

அமைதி மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. எங்களுடையது பழைய ஓட்டுவீடு, வயரிங்கும் பழையது, எர்த் இணைப்பு பெயரளவில்தான் இருந்தது. சார்ஜரைச் செருகிய நிலையில் பதிவுசெய்தால், நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அதிர்வும் அதன் மடங்குகளும் வண்டு ரீங்காரமிடுவதுபோல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். சார்ஜரைக் கழற்றிய கணமே அது நின்றுவிடும். இன்டர்பேஸ் பழுதென்று நினைத்து அதைத் திருப்பி அனுப்புவதற்கு முன், எவரும் இந்த எளிய சோதனையைச் செய்துபார்க்க வேண்டும். சார்ஜரின் எர்த் முனையை வெட்டிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று ஒருவர் எனக்கு ஆலோசனை கூறினார். அது உயிரோடு விளையாடுவது. நான் மின்பணியாளரை அழைத்து எர்த் கம்பியைப் புதிதாக இறக்குவித்தேன். இரைச்சல் பெருமளவு தணிந்தது, ஆனாலும் முக்கியமான பதிவுகளை இன்னும் பற்றரியிலேயே செய்கிறேன்.

இனி ஒலிவாங்கிகளுக்கு வருகிறேன். வாங்குவதற்கு முன் நான் கேட்டறிந்த எல்லோரும் கண்டென்சரே தரமானது என்றார்கள். அது பொய்யும் அல்ல. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல்முகமான வலந்தலையில் மீட்டு என்ற சொல்லை வாசிக்கும்போது எழும் நுண்மையான கார்வையையும், பெரியம்மாவின் குரலில் மூச்சு முடியும் இடத்தையும் ஏ.டி.2020 எழுதிவைத்தாற்போலப் பிடிக்கிறது. ஆனால் அதனுடன் காகத்தையும், பாண் விற்கும் ஓட்டோவின் மெட்டையும், மூன்று தெரு தள்ளியுள்ள கோயிலின் ஒலிபெருக்கியையும் பிடித்துத் தந்தது. கண்டென்சர் தூரத்து ஓசையை இழுக்கும், டைனமிக் இழுக்காது என்று பலரும் காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். இரண்டும் முன்பக்கத்து ஒலியையே கூடுதலாக ஏற்கும் வகையைச் சேர்ந்தவை. இரண்டையும் ஒரே தூரத்தில் வைத்து, குரலின் மட்டத்தைச் சமப்படுத்திக் கேட்டால், பின்னணி ஓசையில் பெரிய வேறுபாடு இராது. உண்மையான வேறுபாடு நாம் அவற்றை வைக்கும் தூரத்தில் இருக்கிறது. கண்டென்சருக்கு மிக அருகில் வாயை வைத்தால் மூச்சுக்காற்று வெடிப்பதால் ஓர் அடி தள்ளி வைக்கிறோம், எஸ்.எம்.57ஐ இரண்டு அங்குலத்தில், சற்றே சரித்து வைத்துப் பேசலாம். தூரம் ஆறில் ஒன்றாகக் குறையும்போது குரல் 15 டெசிபெல்லுக்கு மேல் உயர்கிறது, காகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போதாததற்கு எஸ்.எம்.57 ஏறத்தாழ 15,000 ஹேர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை என்பதால், பூச்சிகளின் சில்லென்ற ஓசையும் ஓரளவு மங்குகிறது.

1965இலிருந்து விற்பனையில் இருக்கும் இந்த ஒலிவாங்கியிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. பெரியம்மா கண்ணை மூடிப் பாடத் தொடங்கினால் தலை தானாக ஆடும்; நாலு விரல் தூரம் எட்டு விரல் தூரமானால் ஒலி 6 டெசிபெல் விழுந்துவிடும். அத்துடன் இதன் வெளியீடு கண்டென்சரைவிட மிகக் குறைவு; மெல்லிய குரலுக்கு 2ஐ2 தரும் 56 டெசிபெல் பெருக்கத்தையும் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திறக்க வேண்டியிருக்கிறது. ஆகவே அவருடைய பாடலுக்கு மட்டும் ஏ.டி.2020ஐ வைத்து, இரவில், ஊர் அடங்கிய பின் பதிவுசெய்கிறேன். மிருதங்கச் சொற்களை வாயால் சொல்லிக் கொடுக்கும் சொற்கட்டுப் பாடங்கள் எல்லாவற்றையும் எஸ்.எம்.57இலேயே, பட்டப்பகலில், யன்னலைச் சாத்தாமலே செய்துவிடுகிறேன்.

ஷுவர் ஒலிவாங்கிகளுக்குப் போலிகள் ஏராளம். கையில் கிடைத்ததும் தெரிந்த பலசரக்குக் கடைத் தராசில் எஸ்.எம்.57ஐ நிறுத்துப் பார்த்தேன், கடைக்காரர் சிரித்தார். நிறுவனம் குறிப்பிடும் எடை 284 கிராம். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். எடை சரியாக இருப்பது மட்டும் அசல் என்பதற்குச் சான்றாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மிருதங்கத்தைத் தனியே பதிவுசெய்யும்போது இடப்பக்கத் தோல்முகமான தொப்பிக்கு எஸ்.எம்.57, வலந்தலைக்கு ஏ.டி.2020 என்று இரண்டு உள்ளீடுகளும் நிரம்பிவிடுகின்றன. ஏ.டி.2020 தாங்கக்கூடிய ஒலியழுத்தம் 144 டெசிபெல் என்பதால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலி உடைவதில்லை. ஒரே அடி இரண்டு ஒலிவாங்கிகளையும் சற்று முன்பின்னாக அடைவதால், இரண்டையும் கலக்கும்போது தொப்பியின் ஆழ்ந்த ஓசையான கும்காரம் சிலவேளை மெலிந்து போகும். ரீப்பரில் ஒரு தடத்தின் ஃபேஸை, அதாவது ஒலியலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாகப் புரட்டும் பொத்தானை அழுத்தி, இரு நிலையிலும் கேட்டு, எது தடிப்பாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்கிறேன். குரல், வயலின், மிருதங்கம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தனித்தனித் தடங்களில் எடுக்க விரும்புவோருக்கு 2ஐ2 போதாது. அவர்கள் பெயரிலுள்ள நான்கைப் பார்த்து 4ஐ4ஐ வாங்கிவிடக் கூடாது. மூன்றாம் தலைமுறையில் அதிலும் ஒலிவாங்கிக்குரிய உள்ளீடுகள் இரண்டுதான். நான்கு வேண்டுமெனில் 18ஐ8க்குப் போக வேண்டும்.

ரீப்பர் 60 நாட்கள் எந்தக் கட்டுப்பாடும் இன்றி முழுமையாக இயங்கும். அதன் பின் தனியாள் உரிமம் 60 டொலர். திரையில் ஒரு சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை என்பதைத் தாளத்துக்கேற்ப மாற்றலாம் என்பது மிருதங்கக்காரனுக்கு வரப்பிரசாதம்: ஆதிக்கு எட்டு, கண்டசாபுக்கு ஐந்து, மிச்சிரசாபுக்கு ஏழு என்று வைத்துக்கொண்டால் முடிப்பாக வாசிக்கும் கோர்வை தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழுகிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் பிடிக்கும். ஒரு மணித்தியாலப் பாடம் இரண்டு தடங்களில் ஒரு கிகாபைட் அளவில் வரும். பின்னணி இரைச்சலைக் கழிப்பதற்கு ரியாஃபிர் என்ற கருவி உள்ளேயே இருக்கிறது; அதைச் சிறிதளவு பாவித்தால் நன்று, கூடினால் குரல் தகரத்துக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

சுருதியைத் திருத்தும் ரியாரியூன் என்ற கருவியும் உண்டு. ஒருநாள் ஆர்வக்கோளாறினால் பெரியம்மாவின் பாடலொன்றை அதன் தானியங்கு முறையில் இட்டு அவருக்கே கேட்கக் கொடுத்தேன். பன்னிரண்டு படிகளுள் அருகிலுள்ள ஒன்றில் ஒவ்வோர் ஒலியையும் கொண்டுபோய் நிறுத்துவதே அதன் வேலை. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதற்குப் பிழையாகத்தான் தெரியும். அரை நிமிடம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிய பெரியம்மா, “இது நான் பாடினதோ தம்பி? ஆரோ சின்னப்பிள்ளை ஆர்மோனியத்தை அமத்தின மாதிரியெல்லே கிடக்கு” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கருவியை நான் திறக்கவில்லை.

ஹெட்போன் ஏ.டி.எச்.-எம்40எக்ஸ், காதை மூடும் வகை என்பதால் தாளச்சத்தம் ஒலிவாங்கிக்குள் கசிவதில்லை. வெயில் நேரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அணிந்திருக்க முடியாது என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

அறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி, சீமெந்துச் சுவர், சீமெந்து நிலம். கைதட்டினால் சுவருக்குச் சுவர் ஓசை அடிபட்டுத் திரும்பும். முட்டை அட்டைகளை ஒட்டுவது வீண்வேலை. மேலோசையைச் சிறிது மழுக்கும், அடியோசையைத் தொடாது. பனையோலைப் பாயும் அப்படித்தான். இரண்டு பழைய தும்பு மெத்தைகளை மூலைகளில் சாத்தியபோதுதான் மாற்றம் தெரிந்தது. பத்தடிச் சுவர்களுக்கிடையில் 57 ஹேர்ட்ஸ் அளவில் ஓர் அதிர்வு தேங்கி நிற்கும். மூலையில் உட்கார்ந்து வாசித்தால் தொப்பி அதில் அள்ளுண்டு போகும். அதனால் நான் உட்காரும் இடத்தைச் சுவரை விட்டு நான்கடி முன்னே தள்ளினேன். மாரிமழை ஓட்டில் விழும்போது மெத்தையும் உதவாது, ஒலிவாங்கியும் உதவாது. அந்த இரண்டு மாதங்களும் ஏ.டி.2020 சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் சோற்றுப்பெட்டி ஒன்றுக்குள் அலுமாரியில் உறங்குகிறது. அடுத்து வாங்கவிருப்பது இரண்டாவது எஸ்.எம்.57; தராசுக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.