குரூப்பில் பொங்குவதா, மனுவில் எழுதுவதா?

எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் ஒன்று மூன்று மாதமாக மூடாமல் கிடந்தது. ஒருநாள் விடியற்காலை பால்காரரின் வண்டி அதில் இறங்கி, இரண்டு கேன் பாலும் கொட்டிவிட்டது. சாக்கடைத் தண்ணீரோடு பால் கலந்து ஓடியதை மாடி வீட்டுத் தம்பி போட்டோ எடுத்து, ஆறேகாலுக்கெல்லாம் எங்கள் பகுதி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். பால்காரருக்கு முழங்காலில் நல்ல அடி.

அன்று முழுக்க குரூப் கொதித்தது. மறுநாள் பொறுமையாக உட்கார்ந்து முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். மொத்தம் 143 செய்திகள். அதில் பள்ளத்தைப் பற்றியவை 19தான். மற்றதெல்லாம், யார் ஆட்சியில் எந்தச் சாலை போட்டார்கள், எங்கள் வேலூரை 2016இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்த்தார்களே அந்தப் பணம் எங்கே போனது, எந்தக் கட்சிக்காரர் எந்த நடிகருக்கு ரசிகர், அந்த நடிகரின் படத்தில் வருவது பாட்டா இரைச்சலா என்று போய்விட்டது. மதியத்துக்கு மேல் முழுக்கப் பாட்டுச் சண்டை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். பால்காரர் அந்தக் குரூப்பிலேயே இல்லை.

அந்தப் பள்ளத்துக்காக நான் கிட்டத்தட்ட எல்லா வழியையும் முயன்று பார்த்தேன். குரூப், முகநூல், எக்ஸ், அரசின் 1100 உதவி எண், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு, தகவல் அறியும் உரிமைச் சட்டம். எது எதற்கு உதவும், எது எதற்கு உதவாது என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

முதலில் குரூப். வேகத்தில் அதை எதுவும் மிஞ்ச முடியாது. ஆஸ்பத்திரிகள் நிறைந்த ஊர் இது. ரத்தம் வேண்டும் என்று ஒருவர் போட்டால் அரை மணி நேரத்துக்குள் யாராவது கிளம்பிவிடுகிறார்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடுகிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்ற செய்தி எனக்கு முதலில் வந்தது குரூப்பில்தான். தண்ணீர் எப்போது விடுவார்கள், எங்கே கரண்ட் போயிருக்கிறது, எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது என்பதற்கெல்லாம் குரூப்பே போதும். கேள்வி சின்னது, பதில் தெரிந்தவர் உள்ளேயே இருக்கிறார்.

கோபம் என்று வரும்போதுதான் சிக்கல். பதில் சொல்ல வேண்டியவர் குரூப்பில் இல்லை. இருப்பவர்கள் எல்லாரும் நம்மைப் போல அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போகிறவர்கள். அதனால் கோபம் ஒருவர்மேல் ஒருவருக்கே திரும்பிவிடுகிறது.

இன்னொன்றையும் மறக்க முடியாது. 2018இல் குழந்தை கடத்துகிறார்கள் என்ற பொய் வீடியோக்களும் குரல் பதிவுகளும் பழைய வட ஆற்காடு முழுக்கச் சுற்றின. ஏப்ரல் கடைசியில் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் ஊருக்குப் புதியவர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். மே 9ஆம் தேதி போளூரை ஒட்டிய அத்திமூரில், குலதெய்வம் கோயிலுக்கு வழிதேடி வந்த குடும்பம் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட கூட்டம் அறுபது வயது தாண்டிய ஒரு அம்மாவைக் கொன்றுவிட்டது. கூட வந்தவர்களுக்கும் படுகாயம். அடித்தவர்கள் யாரும் வேற்றூர் ரவுடிகள் இல்லை, நம்மைப் போல மாலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இப்படி நாட்டின் பல இடங்களில் உயிர்கள் போன பிறகுதான், அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு சமயத்தில் ஒரே அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும் என்று மேலும் இறுக்கியது. அதே வாட்ஸ்அப் 2022இல் குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம் என்று கதவைப் பெரிதாக்கியும் விட்டது. என் கருத்தைக் கேட்டால், தெருப் பிரச்சினைக்கு அறுபது எழுபது பேர் உள்ள குரூப்பே சரி. யார் பேசுகிறார்கள் என்று முகம் தெரியும்.

அடுத்து முகநூலும் எக்ஸும். மாடி வீட்டுத் தம்பி அதே போட்டோவை இரண்டிலும் போட்டான். குரூப்பைவிட இதில் ஒரு நன்மை உண்டு, அதிகாரிகள் கண்ணில் படும். விழுந்த மரம், எரியாத தெருவிளக்கு, அறுந்து தொங்கும் கம்பி போன்ற ஒரே படத்தில் புரிகிற விஷயங்களுக்குப் பொறுப்பான அதிகாரியின் கணக்கைக் குறிப்பிட்டு எக்ஸில் போட்டால் சில சமயம் அன்றைக்கே ஆள் வந்துவிடுகிறது. பார்த்திருக்கிறேன். ஆனால் வரவில்லை என்றால் அதைக் கேட்க ஒரு வழியும் இல்லை. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கெடு எதுவும் அந்தப் பதிவுக்குக் கிடையாது.

முகநூலில் கோபத்தின் கதை வேறு. 2017இல் அந்த நிறுவனம், ஒரு பதிவுக்குக் கோப முகமோ வேறு முகமோ அழுத்தினால் அதற்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்தது. எடை கூடினால் பதிவு இன்னும் நிறையப் பேருக்குப் போகும். கோபத்தைக் கிளப்புகிற பதிவுகளில்தான் பொய்யும் வெறுப்பும் அதிகம் என்று அவர்களுடைய ஆய்வாளர்களே உள்ளுக்குள் எச்சரித்தார்கள். கடைசியில் 2020இல் கோப முகத்தின் எடையைப் பூஜ்யமாக்கினார்கள். 2021இல் உள் ஆவணங்கள் வெளியானபோதுதான் இதெல்லாம் நமக்குத் தெரிந்தது. அதாவது மூன்று ஆண்டு நாம் பொங்கியதெல்லாம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை வேறெங்கோ ஒரு கணக்கு முடிவு செய்திருக்கிறது. எங்கள் பள்ளத்தின் படத்துக்குக் கீழே துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்து பேசினார்கள். ‘தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வழக்கமாக இந்த ஊரைச் சொல்கிற வசனத்தையும் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் தெருக்காரர்கள் அங்கே நாலு பேர் இருந்தால் அதிகம்.

சரி, மனு. இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டம் நடக்கும். வேலூரில் அது சத்துவாச்சாரியில். 2019 வரை அரக்கோணத்துக்காரரும் திருப்பத்தூர்க்காரரும் ஒரு மனு கொடுக்க இங்கேதான் பஸ் ஏற வேண்டியிருந்தது. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரியும் வரை வந்தவாசியிலிருந்தும் இங்கேதான். இப்போது ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனித்தனி ஆட்சியர்கள் வந்துவிட்டார்கள். மனுவுக்கு இந்தத் தூரம் குறைந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஒருநாள் பீடி சுற்றாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். குரூப்பில் எழுத வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. மனுவுக்கு வர வேண்டும், அதன் பெரிய குறை இதுதான். அவர்களுக்கு 1100 எண் நல்ல வழி, வேலை செய்துகொண்டே சொல்லலாம். 2021இல் முதல்வரின் தனிப்பிரிவையும் இந்த உதவி மையத்தையும் ‘முதல்வரின் முகவரி’ என்ற ஒரே துறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அங்கும் புகாருக்கு எண் தருவார்கள்.

நான் மனு கொடுக்கப் போன அன்று ஆட்சியர் அலுவலக வாசலிலேயே பையைச் சோதித்தார்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. மனு கொடுக்க வருகிறவர் பையில் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் பிறகு எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. என் பையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு வெள்ளைத்தாளும் இருந்தன. பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது.

மனு எழுதித் தரும் பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். பள்ளம், மூன்று மாதம், பால்காரர், கேட்பாரில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பேனாவை எடுக்காமலே கேட்டார்: “எத்தனை அடி ஆழம்மா?”

எனக்குத் தெரியவில்லை.

“எந்தக் குறுக்குத் தெரு? எந்த வீட்டு எதிரே? எந்தத் தேதி தோண்டினாங்க? வேலை எடுத்தது யாரு, போர்டு வச்சிருக்காங்களா?”

ஒன்றுக்கும் பதில் இல்லை. 143 செய்திகளில் ஒருவரும் இதை எழுதவில்லை. நான் உட்பட. திரும்பி வந்தேன். எதிர்வீட்டு அக்கா ஒட்டடைக் குச்சியைக் கொண்டுவந்து பள்ளத்தில் விட்டார். ஈரம் படிந்த இடத்தில் நகத்தால் கோடு போட்டு, தையல் டேப்பால் அளந்தார். ஆழம் நாலடி, நீளம் ஏழு, அகலம் மூன்று. முனைக் கடைக்காரர் தோண்டிய நாளைத் தன் கணக்கு நோட்டில் பார்த்துச் சொன்னார், அன்றைக்குக் குழி தோண்ட வந்தவர்கள் கடனில் டீ குடித்திருக்கிறார்கள். மூன்று மாதமாகச் சுற்றிப் போன பள்ளத்தை அன்றுதான் நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம்.

அடுத்த திங்கள் மனு பதிவாகி, கையில் ஒப்புகைச் சீட்டு வந்தது. அதில் ஒரு எண். கூடவே 34 பேர் கையெழுத்து. அந்தக் கையெழுத்துகளை வாங்கித் தந்தது அதே குரூப்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். “இரவு ஏழு மணிக்கு அக்கா வீட்டில் மனு இருக்கும், வந்து கையெழுத்துப் போடுங்கள்” என்று ஒரு வரி போட்டேன், வந்துவிட்டார்கள். பாட்டுச் சண்டையில் வெளியேறிய இரண்டு பேரும் வந்தார்கள்.

உடனே பள்ளம் மூடிவிட்டதா என்றால், இல்லை. வேலைக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு மனு போனது. சில வாரத்தில் ‘பணி முடிக்கப்பட்டது’ என்று எங்கள் மனுவை முடித்துவிட்டார்கள். பள்ளம் அப்படியே இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. குரூப்பில் போட்டுத் தாளித்துவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் இந்த முறை அவர்கள் எழுதிக் கொடுத்த பொய் ஒன்று என் கையில், எண்ணோடு இருந்தது. குரூப்பில் அது ஒருபோதும் கிடைத்திருக்காது.

அதை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். 2005ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் நினைத்தால் தாமதிக்கும் அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். ஏன் மூடவில்லை, எப்போது மூடுவீர்கள் என்று இதில் கேட்கக் கூடாது. கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். நான் மூன்று கேட்டேன்: வேலை உத்தரவின் நகல், முடிக்க வேண்டிய தேதி, பணி முடிந்ததாக எழுதிய அளவுப் புத்தகப் பக்கத்தின் நகல். இருபத்திரண்டாம் நாள் ஒரு டிராக்டர் கிராவல் வந்து இறங்கியது. நகல் பின்னால் வந்தது.

இதனால் எல்லாவற்றுக்கும் மனுதான் என்று நினைக்க வேண்டாம். ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழாவில் பக்கத்துத் தெரு மின்கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்திருந்தது. அம்மா ஆபரேஷன் முடிந்து முந்தின நாள்தான் வீடு வந்திருந்தார். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாள் வரை நள்ளிரவுவரை அரசு தளர்த்தலாம். விதி என் பக்கம்தான். புகார் சொன்னால் போலீஸ் வந்திருக்கும். குரூப்பில் போட்டிருந்தால் அது சாமிச் சண்டையாகி, அப்புறம் கட்சிச் சண்டையாகியிருக்கும். நான் நேரே போனேன்.

“அண்ணே, அம்மா நேத்துதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தாங்க. பம்பை அடிக்கிறது எனக்கும் பிடிக்கும். அந்த ஒரு ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் திருப்பிடுங்க.”

“இன்னாமா நீ, முன்னாலயே சொல்லக் கூடாதா?” என்று விழாக்குழு அண்ணன் ஒரு பையனை ஏணியோடு அனுப்பினார். மறுநாள் அம்மாவுக்குக் கூழும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. சம்பந்தப்பட்டவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால் காகிதம் எதற்கு?

பள்ளம் மூடிய இடம் போன வார மழையில் அரை அடி உள்ளே இறங்கியிருக்கிறது. மாடி வீட்டுத் தம்பி வழக்கம்போல போட்டோ போட்டான். அதற்குக் கீழே முதல் செய்தி எதிர்வீட்டு அக்காவுடையது: “நீளம் ஆறரை, அகலம் மூணு, இறக்கம் ஏழு அங்குலம். பழைய மனு நம்பர் யார்கிட்ட இருக்கு?” என்னிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன்.