செர்ரி ஷ்ரிம்ப் வாங்கும் வேலூர்க்காரர்களே, பேர் ஒட்டாத நீல பாட்டிலை மட்டும் வாங்காதீர்கள்

கலர் மீன் கடையில் செர்ரி ஷ்ரிம்ப் (தொட்டியில் வளர்க்கும் குட்டிச் சிவப்பு இறால்) வாங்கும்போது, "ரெண்டு சொட்டு விடுங்க, நோயே வராது" என்று லேபிள் இல்லாத ஒரு குட்டி பாட்டிலைக் கையில் கொடுத்தால், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டு இறால் மொத்தமும் போனது அதில்தான். கடைப் பேர் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம், சொல்லப்போவதில்லை. இதே பாட்டில் வேறு கடைகளிலும் இருக்கலாம்.

பரீட்சை லீவுக்கு என் மகன் கேட்டான் என்று போனோம். பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டேன்: "அண்ணா, தொட்டி புதுசு. இன்னிக்கே விடலாமா?"

"தாராளமா விடலாம்கா. தண்ணி இருந்தா போதும், பொழச்சுக்கும்."

தொட்டி, மணல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், இருபது சிவப்பு இறால். கூடவே பாசியைச் சுத்தம் பண்ணும் என்று இரண்டு நத்தை, "உங்களுக்காக ஃப்ரீ" என்று கண்ணாடி போல உடம்பு தெரியும் நாலைந்து இறால், அப்புறம் அந்த நீல மருந்து.

புதுத் தொட்டியில் அன்றைக்கே விடலாம் என்பது முதல் பொய். இறாலின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறிக்கொண்டே போகும். மீனாவது கொஞ்சம் தாங்கும், இறால் தாங்காது. வருஷக்கணக்கில் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. அன்றைக்கே விற்றால்தான் காசு, அவ்வளவுதான்.

அந்த ஃப்ரீ இறாலின் கதை வேறு. முன்னால் மெலிசாக, உடம்பு நீளத்துக்கு ஒரு ஜோடிக் கை, நுனியில் இடுக்கி. இது செர்ரி இனமே இல்லை, ஏரி ஆறுகளில் வலையில் வரும் நன்னீர் இறாலின் குஞ்சு. வளர வளர வேட்டையாடும். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்று சிவப்பு இறாலைக் கவ்விக்கொண்டு ஓரத்தில் நின்றது. செர்ரி ஷ்ரிம்புக்கும் கை உண்டு, ஆனால் கட்டை. அதை வைத்துப் பாசியைச் சுரண்டித் தின்னத்தான் முடியும். கடையில் கையின் நீளத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மருந்து விட்ட மறுநாள் இறால்கள் தொட்டிக்குள் தாறுமாறாகச் சுற்றின. பிறகு ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து, கால் மட்டும் துடித்தது. நத்தை இரண்டும் ஓட்டை விட்டு வெளியே தொங்கின. என்னை யோசிக்க வைத்தது அந்த நத்தைகள்தான்.

புகார் சொல்லப் போனால் கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "நம்ம வேலூர் தண்ணி அப்படிக்கா. பாலாறு, தோல் கம்பெனி எல்லாம் தெரியும்தானே? ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊத்துங்க, நிக்கும்."

இந்த ஊரில் தண்ணீரைக் குறை சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். தோல் கழிவு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்த மாவட்டம் இது. சொன்னதும் தலையாட்டிவிடுவோம். ஆனால் அவர் கடைத் தொட்டியில் மட்டும் என்ன காசித் தீர்த்தமா இருக்கிறது? அதுவும் இதே ஊர்த் தண்ணீர்தானே! அதில் அதே இறால் முட்டையோடு நீந்திக்கொண்டிருந்தது.

சரி என்று அவர் சொன்னபடியே தண்ணீரை மாற்றி, முழுக்க ஆர்.ஓ. ஊற்றி, இன்னொரு பத்து இறால் விட்டோம். இந்த முறை சாவு மெதுவாக வந்தது. தலை ஓடும் முதுகு ஓடும் சேரும் இடத்தில் உடம்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். இறால் வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும், புது ஓடு கெட்டியாகக் கால்சியம் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஓடு பாதியில் பிளந்து, வெளியே வர முடியாமல் செத்தன. செர்ரி ஷ்ரிம்புக்குக் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும். தண்ணீரின் கடினத்தைக் காட்டும் ஜி.ஹெச். 6-க்குக் குறையக் கூடாது, கரைந்திருக்கும் உப்பின் அளவான டி.டி.எஸ். 150-இலிருந்து 250 வரை இருந்தால் நல்லது. கடைக்காரர் பழி போட்ட உப்புத் தண்ணீரில் ஒரு பங்கு சேர்த்திருந்தாலே பிழைத்திருக்கும்.

அடுத்து போனபோது கடைப் பையன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு பெரிய கேனிலிருந்து குட்டி பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தான். கேனில் லேபிள் இருந்தது. வெள்ளைப் புள்ளி நோய்க்கான மீன் மருந்து. சேர்மானத்தில் காப்பர் சல்பேட். நம்ம ஊர் விவசாயிகள் மருந்தடிக்கிற மயில்துத்தம்தான். மீனின் மேல் ஒட்டும் ஒட்டுண்ணியைக் கொல்வதற்கு அது சரி. இறாலையும் நத்தையையும் அதே வேகத்தில் கொல்லும். இத்தனைக்கும் இறாலின் ரத்தமே செம்பை வைத்துத்தான் ஓடுகிறது, தண்ணீரில் கரைந்து வரும் செம்புதான் ஆகாது. நீலமாக இருப்பதெல்லாம் காப்பர் என்று நினைக்காதீர்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கும் மெத்திலீன் புளூ என்ற மீன் மருந்தும் நீலம்தான். லேபிளைப் படிக்காமல் வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த லேபிளைத்தான் நம் கைக்கு வராமல் செய்கிறார்கள்.

கேனைக் காட்டிக் கேட்டேன். "மீனுக்குக் குடுக்கறதுதாங்கா, இறாலுக்கு ஆகாதுன்னு யாரு சொன்னது?" என்றார் கடைக்காரர். பணம் திரும்ப வரவில்லை. வேண்டுமானால் ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

காப்பர் பட்ட தொட்டியைத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால் மணலையும் ஸ்பாஞ்சையும் தூக்கிப் போடுங்கள். உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். புது மணல் போட்டு, செடி நட்டு, ஒரு மாதத்துக்கு மேல் தொட்டியை வெறுமனே ஓட விட்டோம்.

இப்போது இருப்பவை காட்பாடிப் பக்கம் வீட்டிலேயே வளர்த்து விற்கும் ஒரு தம்பியிடம் வாங்கியவை. விலை சொல்வதற்கு முன்பே "அக்கா, உங்க தண்ணி டி.டி.எஸ். எவ்ளோ?" என்று கேட்டான். எங்கள் போர் தண்ணீர் 800-ஐத் தொடும். அதில் ஒரு பங்கும் ஆர்.ஓ. மூன்று பங்கும் கலக்கச் சொன்னான். 230 பக்கம் வந்து நிற்கிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் பிடிப்பவர்கள் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து, ஏர் பம்பும் ஓட விடுங்கள். பையிலிருந்து தொட்டிக்கு அப்படியே கவிழ்க்காமல், மெடிக்கலில் கிடைக்கும் குளுக்கோஸ் ட்யூப் வைத்துத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டுப் பழக்க வேண்டும். வேலூரில் மெடிக்கலுக்கா பஞ்சம்!

கத்திரி வெயில்தான் பெரிய கவலை. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் ஆக்சிஜன் குறையும். தண்ணீர்மேல் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிக் குறைவதை ஈடுகட்டத்தான் வெறும் ஆர்.ஓ. தண்ணீர், உப்பு எங்கும் போகாமல் தொட்டியிலேயே தங்கிவிடுவதால் போர் ஊற்றினால் ஏறிக்கொண்டே போகும். மழைக்கு அப்புறம் கார்ப்பரேஷன் கொசுப் புகை வண்டி தெருவுக்குள் வந்தால் ஜன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, ஏர் பம்பையும் நிறுத்திவிடுங்கள். அறைக் காற்றைத்தான் அது உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது. கொசு மருந்தும் இறாலுக்கு விஷம்தான்.

ஏற்கனவே அந்த பாட்டில் வீட்டில் இருக்கிறதென்றால் கால்வாயில் கொட்டாதீர்கள். மூடி இறுக்கி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்துப்போய் அந்தக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று சத்தமாகவே கேளுங்கள்.