தூக்கம் வராத இரவுகளுக்கு எது: மயக்க ஊசியா, மாத்திரையா, பயிற்சியா?

மூன்றையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறேன்: இரவில் மூச்சு தடைப்பட்டால் எழுப்பிவிடுவது எது? இயல்பான தூக்கத்தில் அந்தக் காவல் உடலுக்குள்ளேயே இருக்கிறது. தொண்டை அடைபட்டு இரத்தத்தில் கரியமில வாயு ஏறினால், மூளை ஆளை அரைகுறையாகவாவது விழிக்க வைத்துவிடும்.

புரோபோஃபால் என்ற மயக்க ஊசி மருந்து அந்தக் காவலையே அணைத்துவிடுகிறது. பால்போல் வெண்மையான இந்த மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும். அறுவை அரங்கில் இதன் அருமையை மறுக்கவே முடியாது. ஆனால் ஆளை மயக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இரத்த அழுத்தமும் சரியும். அளவு மிஞ்சினால் முறிக்க மாற்று மருந்தும் கிடையாது. அதனால்தான் மயக்கவியல் நிபுணர் பக்கத்திலேயே நின்று ஆக்சிஜன் அளவையும் ஒவ்வொரு மூச்சையும் கவனிக்கிறார். விழித்ததும் நன்றாகத் தூங்கி எழுந்ததுபோல் சிலருக்குத் தோன்றும் என்பதுதான் இதிலுள்ள பெரிய பொறி. ஆழ்ந்த உறக்கமும் கனவு உறக்கமும் மாறி மாறி வரும் சுழற்சி இந்த மயக்கத்தில் நடப்பதில்லை.

மைக்கேல் ஜாக்சனுக்கு அவருடைய மருத்துவர் கான்ராட் மரே இதைப் பல வாரங்கள் வீட்டிலேயே தூக்கத்துக்காகச் செலுத்தினார். தேவையான கண்காணிப்புக் கருவிகள் அங்கே இல்லை. 2009 ஜூன் 25 அன்று ஜாக்சன் இறந்தார். பென்சோடயசிபைன் என்ற அமைதிப்படுத்தும் மருந்து வகையைச் சேர்ந்த லோராசெபாம் போன்றவையும் அவர் உடலில் இருந்தன. 2011இல் அந்த மருத்துவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, நான்கு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். பிரபலத்துக்கு நேர்ந்த விதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கண்காணிப்பு இல்லாத அறையில் இந்த மருந்து யாருக்கும் இதையே செய்யக்கூடும்.

மாத்திரைகள் இவ்வளவு கொடியவை அல்ல. மருத்துவர் மேற்பார்வையில் சில நாட்களுக்கு உதவும். ஆனால் பென்சோடயசிபைன் வகையோடு மதுவோ, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணியோ சேர்ந்தால் மூச்சு ஆபத்தான அளவுக்குத் தளரும். நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை எடுத்தவர்களில் சிலர் தூக்கத்திலேயே கார் ஓட்டியிருக்கிறார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019இல் இதற்குக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

என் தேர்வு, அந்தக் காவலைத் தொடாத பயிற்சி: தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இதையே தர வேண்டும் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு பரிந்துரைத்தது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, படுக்கையில் கழிக்கும் நேரத்தையே சில வாரங்கள் குறைப்பது எல்லாம் இதில் அடங்கும். தொடக்கத்தில் பகலில் கண் சொக்கும். அந்த நாட்களில் வண்டி ஓட்டுவதில் கவனம் தேவை. வலிப்பு நோயோ, மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தூக்க நேரத்தைக் குறைக்கக் கூடாது.

பலத்த குறட்டையோடு நடுவில் மூச்சுத் திணறி விழிப்பவர்கள், எந்த வழியில் இறங்கும் முன்னும் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவர்களுடைய தூக்கத்தைக் கெடுப்பது மூச்சுத்தடையாக இருக்கலாம். அப்படியிருந்தால் தூக்க மாத்திரையே அதை மோசமாக்கக்கூடும்.